மேற்குப் பார்த்த ஷோகேஸில் தெருப்படக் கேலரி: கண்ணாடி, வெயில், பிரிண்ட், முகங்கள் பற்றி யோசனை வேண்டும்

கேள்வி: தெற்குமாசிச்சந்து

வணக்கம். மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மூடிப்போன தையல் கடையின் முன்பக்க ஷோகேஸ் மட்டும் வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. கடைக்குள்ளே இப்போது குடோன். இந்த ஷோகேஸில் தெருப் படங்களை மாட்டி, மாதம் ஒருமுறை மாற்றி, சின்னதாக ஒரு கேலரி நடத்த எண்ணம். உள்ளே யாரும் வரப்போவதில்லை. திறப்பு விழா, டிக்கெட் எதுவும் கிடையாது. டீ குடிக்க வருகிறவரும் பூக்கூடைக்காரரும் நின்று பார்த்தால் போதும்.

விவரம்: அகலம் 5 அடி, உயரம் 4 அடி, ஆழம் 14 இஞ்ச். அடிவிளிம்பு ரோட்டிலிருந்து 3 அடி உயரத்தில். 5 மி.மீ. சாதாக் கண்ணாடி. முகம் மேற்கே. எதிரே 11 அடி தள்ளி வெள்ளையடித்த சுவர், 12 அடி உயரம். பின்பக்கம் பிளைவுட் கதவு, குடோன் வழியாகத் திறக்கலாம். ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறது. மேலே சன்ஷேட் இல்லை.

பிரச்சினைகள்: பகலில் கண்ணாடியில் எதிர்ச்சுவர்தான் தெரிகிறது, உள்ளே வைத்தது தெரியவில்லை. மதிய வெயில் நேராக அடிக்கிறது. பிரிண்ட் எத்தனை நாள் தாங்கும், எந்தப் பேப்பர் எடுப்பது? போர்டில் ஒட்டுவதா, ஃப்ரேம் போடுவதா? அந்தத் தெருக்காரர்களின் முகத்தை அந்தத் தெருவிலேயே மாட்டலாமா, யாரிடம் எப்படிக் கேட்பது? கேமராவோடு அலையவும் நேரம் வேண்டும் என்பதால் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஷோகேஸுக்குக் கொடுக்க முடியாது. வாடகை போக 25,000 ரூபாய் வரை செலவழிக்கலாம்.

பதில் 1: ஃப்ரேம்பட்டறை

தம்பி, அளவெல்லாம் சொல்லிக் கேட்டது நல்லது. முதலில் வெயிலுக்கு ஒரு வழி செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் பிரிண்ட் பேச்சு.

மேற்கு வெயில் நாள் முழுக்கத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். உங்கள் சந்தில் அது குறிப்பிட்ட நேரம்தான் உள்ளே வரும். கணக்கு இது: மதுரையில் சூரியன் உச்சிக்கு வருவது மார்ச்சில் சுமார் 12.25. எதிர்ச்சுவர் 12 அடி, ஷோகேஸின் அடி 3 அடி. வித்தியாசம் 9 அடி, தூரம் 11 அடி. சூரியன் 39 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் சுவரின் நிழல் ஷோகேஸின் அடியைத் தொடும். மார்ச்சில் அது ஏறக்குறைய 3.45 மணி. மேல்விளிம்பை நிழல் எட்ட 4.45 ஆகும். இந்தப் பக்கம், கண்ணாடிக்கு மேலே 18 இஞ்ச் நீட்டி ஒரு தகரச் சன்ஷேட் போட்டால் 1.40 வரை முழு நிழல். ஆக, படத்தைச் சுடுகிற நேரம் 1.40 முதல் 4.45 வரைதான். மாதத்துக்கு மாதம் கொஞ்சம் நகரும். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து சாக்பீஸால் கண்ணாடியில் நிழல் கோட்டைக் குறித்துப் பாருங்கள்.

அந்த மூன்று மணி நேரத்துக்கு வெளிப்பக்கம் ஒரு கேன்வாஸ் படுதா போதும். உள்பக்கம் பிளைண்ட் போட்டால் வெளிச்சம் தடைபடும், சூடு தடைபடாது. கண்ணாடி வழியாக உள்ளே வந்த வெயில் பிளைண்டைச் சுட்டு, பெட்டிக்குள்ளேயே கிடக்கும். வெளிப்படுதா என்றால் இரண்டும் நிற்கும். அந்த நேரத்தில் சந்தில் ஆள் நடமாட்டமும் குறைவு. பக்கத்து டீக்கடையில் சொல்லி வைத்தால் சாப்பாட்டு நேரத்தில் இறக்கி, மாலை டீ நேரத்தில் ஏற்றிவிடுவார்கள்.

சன்ஷேடை நிரந்தரமாகக் காங்கிரீட்டில் போடாதீர்கள். சித்திரைத் தேர் மாசி வீதிகளில் வருகிற அன்று கூட்டம் சந்துக்குள் ஒதுங்கும். தலையில் இடிக்காதபடி கழற்றி மாட்டுகிற பிராக்கெட்டில் வையுங்கள். அன்றைக்கு மட்டும் கண்ணாடிக்கு முன்னால் 12 மி.மீ. பிளைவுட்டை நிறுத்திக் கொக்கி போட இடம் விடுங்கள்.

கண்ணாடி: 5 மி.மீ. சாதாக் கண்ணாடி தெருவுக்கு ஆகாது. பைக் ஹேண்டில் பட்டால் கத்தி கத்தியாக விழும். 3+3 லேமினேட்டட் (இரண்டு 3 மி.மீ. கண்ணாடியை ஒட்டியது) போடுங்கள். உங்கள் 20 சதுர அடிக்கு ஏறக்குறைய 28 கிலோ வரும், மரச்சட்டம் தாங்கும். நடுவில் இருக்கிற பிவிபி என்கிற பிளாஸ்டிக் படலம் உடைந்தாலும் சில்லைப் பிடித்து நிறுத்தும், புற ஊதாக் கதிரையும் 99 சதவீதம் தடுக்கும். டஃபன்டு (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடி வாங்கச் சொல்வார்கள். அது வலு, ஆனால் புற ஊதாவைத் தடுக்காது. உடைந்தால் மொத்தமும் கொட்டி ஷோகேஸ் திறந்து கிடக்கும். வீட்டுக்காரர் கண்ணாடி மாற்ற விடவில்லையென்றால், நிறமில்லாத யூவி ஃபிலிம் (புற ஊதாவைத் தடுக்கிற படலம்) வாங்கி உள்பக்கம் ஒட்டுங்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் ஸ்க்வீஜியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். கறுப்பு டின்ட் ஃபிலிம் வேண்டாம். உள்ளே இன்னும் இருட்டாகும், கண்ணாடியும் சூடேறி விரிசல் விடலாம்.

காற்று: மேலே நாலு, கீழே நாலு, ஒரு இஞ்ச் ஓட்டை. எல்லாவற்றுக்கும் ஸ்டீல் வலை அடியுங்கள். மழை விட்ட ராத்திரி லைட்டுக்கு ஈசல் வரும், அதைத் தேடிப் பல்லி வரும். பல்லி எச்சம் பிரிண்டில் விழுந்தால் துடைத்தாலும் தடம் போகாது. அடிப்பலகை வெளியே பார்த்துக் கொஞ்சம் சரிவாக இருக்கட்டும், ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்காது.

மாட்டுவதற்குச் சன்போர்டு, டபுள் சைடு டேப் இரண்டையும் மறந்துவிடுங்கள். சன்போர்டு பிவிசி, மூடிய பெட்டிச் சூட்டில் தொய்ந்து வயிறு தள்ளும். டேப்பின் பசை இளகி, காலையில் வந்து பார்த்தால் படம் கீழே கிடக்கும். 26 கேஜ் தடிமனில் ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) 5க்கு 4 அடி வெட்டி, பின்பலகையில் ஸ்க்ரூ போடுங்கள். படத்தை 10 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் உள்ள நியோடிமியம் காந்தத்தால் பிடிக்கலாம். மாதம் ஒருமுறை மாற்ற பத்து நிமிஷம். ஜிஐ-யில் நேராகப் பெயின்ட் அடித்தால் மூன்று மாதத்தில் செதில் செதிலாக உரியும், ரெட் ஆக்சைடு பிரைமரும் நிற்காது. எட்ச் பிரைமர் (உலோகத்தில் பெயின்ட் பிடிக்க அடிக்கிற முதல் பூச்சு) ஒரு கோட், பிறகு மேட் கறுப்பு இரண்டு கோட். ஷீட்டுக்கு எர்த் கம்பி கட்டாயம். தெருவில் போகிற குழந்தை தொடுகிற உயரத்தில் இருக்கிறது உங்கள் சட்டம்.

பதில் 2: சிலுவர்ஹாலைடு

பட்டறை அண்ணன் சொன்னதோடு சேர்த்து, பிரிண்ட் பக்கம்.

அளவு: 24 மெகாபிக்சல் கேமரா என்றால் 6000க்கு 4000 பிக்சல். 20க்கு 30 இஞ்ச் பிரிண்ட் போட்டால் சரியாக 200 டிபிஐ (ஒரு இஞ்சுக்கு 200 புள்ளி) வருகிறது. மூன்றடி தள்ளி நிற்கிறவருக்கு அது தாராளம். 12க்கு 18 என்றால் 333. உங்கள் 5 அடியில் எட்டு படம் அடைக்காதீர்கள். ஒரு 20க்கு 30 கிடைமட்டமாக இடது பக்கம், அதற்குப் பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு 12க்கு 18. நடு இடைவெளி 4 இஞ்ச், இரண்டு ஓரமும் 4 இஞ்ச். 60 இஞ்சுக்கு அது சரியாக உட்காரும்.

உயரமும் முக்கியம். கேலரிகளில் படத்தின் நடுப்புள்ளியைத் தரையிலிருந்து 57, 58 இஞ்சில் வைப்பது வழக்கம். சந்தில் பள்ளிப் பிள்ளைகளும் பார்ப்பார்கள், 55-ல் வையுங்கள். அப்படி வைத்தால் இரண்டு 12க்கு 18 அடுக்கு 41-லிருந்து 69 இஞ்ச் வரை வரும். அதற்கு மேலே 15 இஞ்ச் காலி. அந்தக் காலி இடத்தைப் படத்தால் நிரப்ப வேண்டாம், லைட்டுக்கு விடுங்கள்.

பேப்பர்: மூன்று வழி இருக்கிறது. கலர் லேபில் போடுகிற சாதாரண ஃபோட்டோ பேப்பர் பிரிண்ட் (கல்யாண ஆல்பத்துக்குப் போடுவதுதான்) விலை குறைவு, 12க்கு 18 எந்த லேபிலும் கிடைக்கும். மாதம் ஒருமுறை மாற்றுகிற இடத்துக்கு இது போதும். லஸ்டர் (லேசாக மட்டும் மினுக்குவது) அல்லது மேட் கேளுங்கள், கிளாஸி வேண்டாம். கண்ணாடி ஒரு தடவை மின்னுகிறது, பேப்பரும் மின்னினால் இரண்டு தடவை. ஃபைலை எஸ்ஆர்ஜிபி என்கிற கலர் முறையில் கொடுத்து, "கரெக்‌ஷன் பண்ணாதீங்க" என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆபரேட்டர் தோலை வெளுப்பாக்கி, நிழலைத் தூக்கிவிடுவார் (இருட்டுப் பகுதியை வெளிச்சமாக்கிவிடுவார்). கல்யாணப் படத்துக்குப் பழகின கை அது.

இரண்டாவது, டை இங்க் (சாயம் கரைந்த மை) பிரிண்டர். எப்சன் எல்8050, எல்18050 மாதிரி டேங்க் மாடல்கள் டை இங்க்தான். வீட்டிலேயே போடலாம், கலர் அழகாக வரும், நேர் வெயிலுக்குத் தாங்காது. ப்ரூஃப் (சோதனைப் பிரிண்ட்) போட வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, பிக்மென்ட் இங்க் (நிறத்துகள் மிதக்கிற மை): எப்சன் ஷ்யூர்கலர் பி700, கேனான் ப்ரோ-300 வகை. காட்டன் பேப்பரில் போட்டால் இந்த மூன்றில் நீண்ட நாள் தாங்குவது இதுதான். விற்கிற பிரதிக்கு இதைப் போடுங்கள், ஷோகேஸில் காய்வதற்கு லேப் பிரிண்ட்.

கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலர் பேப்பரில் போட்டால் லேசாகப் பச்சையோ ஊதாவோ அடிக்கும். முழு வரிசையையும் ஒரே நாளில் ஒரே மெஷினில் போட்டால் எல்லாம் ஒரே சாயல் அடிக்கும், கண் பழகிவிடும். ஒன்று இன்றைக்கு, ஒன்று அடுத்த வாரம் என்று போட்டால் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் காட்டிக்கொடுக்கும்.

எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டீர்கள். இதற்கு உங்கள் ஷோகேஸே பதில் சொல்லும். ஒரே படத்தை 4க்கு 6-ல் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றின் பாதியை அலுமினியத் தாளால் இறுக்கிச் சுற்றி ஷோகேஸின் கீழ் மூலையில் வையுங்கள். இன்னொன்றைக் கவரில் போட்டு பீரோவில். முப்பது நாள் கழித்துத் தாளைப் பிரித்தால், நடுவில் ஒரு கோடு தெரிகிறதா என்று பாருங்கள். சேலையின் சிவப்பு ஒரு பக்கம் அப்படியே இருந்து, மறுபக்கம் செங்கல் நிறத்துக்கு இறங்கியிருந்தால் படுதாவை இன்னும் சீக்கிரம் இறக்க வேண்டும். யூவி ஃபிலிம் போட்ட பிறகும் இதைச் செய்யுங்கள். வெளுப்பதற்குக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் காரணம். ஃபிலிம் அதை நிறுத்தாது.

ஒரு எச்சரிக்கை. பிரிண்டைக் கண்ணாடியோடு ஒட்டி வைக்கவே கூடாது. ஃபோட்டோ பேப்பரின் மேல்பூச்சு ஜெலட்டின். மழைக்காலத்தில் ஈரம் இழுத்து, இளகி, கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் எண்ணெய்ச் சொட்டு விழுந்த மாதிரி பளபளப்பாக ஒரு திட்டு தெரியும். அதுதான் ஒட்டிய இடம். பிரித்தால் கலர் கண்ணாடியோடு வரும். வீட்டுச் சுவரில் மாட்டின பழைய கல்யாண ஃபோட்டோக்களில் பார்த்திருப்பீர்கள். ஜிஐ ஷீட் பின்பலகையில் இருப்பதால் உங்களுக்கு இந்த ஆபத்து இல்லை. ஃப்ரேம் போடுவதாக இருந்தால் 2 மி.மீ. மவுன்ட் போர்டாவது நடுவில் இருக்கட்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை அரைக்கிலோ சிலிகா ஜெல் பெட்டிக்குள் வைத்து, நிறம் மாறியதும் வறுத்து மறுபடி வையுங்கள். அந்த மாதங்களில் காற்று ஓட்டைகளை டேப் போட்டு மூடிவிடலாம்.

காந்தத்துக்கு அடியில் பேப்பரில் வட்டமாகப் பள்ளம் விழும். படத்தைச் சுற்றி ஒரு இஞ்ச் வெள்ளை விட்டுப் பிரிண்ட் போட்டால் பள்ளம் வெள்ளையில் விழும். 20க்கு 30 மட்டும் கனம், நாலு மூலையில் நாலு காந்தம் போதாது. மேல்விளிம்பில் ஐந்தும் கீழே மூன்றும் வையுங்கள். இல்லையென்றால் நடுவில் தொய்ந்து, பக்கத்து வெளிச்சத்தில் அலை அலையாகத் தெரியும்.

பதில் 3: நிழல்அளவு

ஃப்ரேம்பட்டறை அண்ணே, நீங்கள் சொன்னதில் ஒன்றே ஒன்று மாற வேண்டும்: பின்பலகைக்கு மேட் கறுப்பு. பெட்டிக்குள் இருட்டாக இருக்கிற எல்லா இடமும் பகலில் கண்ணாடியைக் கண்ணாடியாக்கும். நம் முகம் பார்க்கிற கண்ணாடியின் பின்பக்கம் பூச்சு அடிப்பது போலத்தான். சாதாக் கண்ணாடி தன் மேல் விழுகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், ஒரு பக்கத்துக்கு 4 வீதம். எதிரே வெயில் பட்ட வெள்ளைச் சுவர் இருந்தால் அந்த 8 சதவீதமே கறுப்புப் பலகையை விடப் பல மடங்கு பிரகாசம். வெளிர்சாம்பல் அடித்தால் பலகையே திருப்பி ஒளி கொடுக்கும், பிரதிபலிப்பு அதில் கரைந்துவிடும்.

சோதித்துப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். காலை பத்து மணிக்கு ஒரு கறுப்புத் துணியையும் ஒரு வெள்ளைச் சார்ட்டையும் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு எதிர்ச்சுவரில் சாய்ந்து பாருங்கள். கறுப்புத் துணியில் உங்கள் சட்டைப் பட்டன் தெரியும். சார்ட்டில் ஒன்றும் தெரியாது.

இதே காரணத்தால் இரவுப் படங்கள், கறுப்பு அதிகம் உள்ள படங்கள் பகலில் தோற்கும். அவற்றை மாட்டுவதென்றால் சிறிய அளவில், வெள்ளைப் பார்டர் அகலமாக விட்டு. நிழலில் விவரம் உள்ள படங்களைப் பிரிண்டுக்கு அனுப்பும்போது நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள், முழுப் படத்தையும் வெளுப்பாக்க வேண்டாம். ஒரே படத்தை நாலு துண்டாக, நாலு அளவு தூக்கி ஒரே 8க்கு 12-ல் போட்டு ஷோகேஸில் வைத்துத் தேர்ந்தெடுக்கலாம்.

முடிந்தால் எதிர்ச்சுவர்க்காரரிடம் பேசி, மூன்றடி முதல் எட்டடி உயரம் வரை அடர்நிறம் அடித்துத் தர அனுமதி கேளுங்கள். கண்ணாடிக்குச் செலவு செய்வதை விட அது மலிவு, பலனும் அதிகம். புதுக் கண்ணாடி போடும்போது மேல்விளிம்பு 5 டிகிரி தெருப்பக்கம் சாய்கிற மாதிரி சட்டம் அடித்தாலும் நல்லது. 4 அடிக்கு 5 டிகிரி என்றால் மேலே 4 இஞ்ச் முன்னால் வரும். அப்போது கண்ணாடி சுவரின் மேல்பகுதியைக் குறைத்து, அடிச்சுவரையும் ரோட்டையும் அதிகம் காட்டும்.

லைட்: 14 இஞ்ச் ஆழத்தில் ஸ்பாட் லைட் வேண்டாம். மேலேயிருந்து சரிந்து அடித்துப் படத்தின் தலையில் ஒரு வெள்ளை வட்டமும் அடியில் இருட்டும் விழும், பேப்பரின் சின்ன வளைவுகூட மலையாகத் தெரியும். கண்ணாடிக்கு உள்புறம், மேலேயும் இரண்டு பக்கமும், 2 இஞ்ச் பட்டை மறைப்பு அடித்து அதன் பின்னால் எல்இடி ஸ்ட்ரிப் ஓட்டுங்கள். அலுமினிய ப்ரொஃபைல், பால்நிற மூடி. 5+4+4, மொத்தம் 13 அடி, அதாவது 4 மீட்டர். மீட்டருக்கு 10 வாட் என்றால் 40 வாட். 24 வோல்ட், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டுகிற அளவு) 90-க்கு மேல், வெளிச்சத்தின் நிறம் 4000 கெல்வின். சிஆர்ஐ 80 ஸ்ட்ரிப்பில் தோல் நிறம் செத்துப்போகும், மஞ்சள் குங்குமமெல்லாம் ஒரே மண் நிறமாக இருக்கும். ராத்திரி 6 முதல் 10 வரை மட்டும் போட்டால் மாதம் ஏறக்குறைய 5 யூனிட். பகல் வெளிச்சத்தோடு போட்டி போட இந்த 40 வாட் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பகலுக்குச் சன்ஷேடும் வெளிர் பின்பலகையும் எதிர்ச்சுவரும்தான் கைகொடுக்கும். லைட் மாலைக்கு.

எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட்டை 24 ஆக்குகிற பவர் சப்ளை) 60 வாட் வாங்குங்கள், அதைப் பெட்டிக்கு வெளியே குடோன் பக்கம் வையுங்கள். சூட்டில் முதலில் சாவது அதுதான். ஷோகேஸுக்குள் 24 வோல்ட் மட்டும் போகட்டும். 230 வோல்ட் பக்கம் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற சுவிட்ச்), டைமர் சுவிட்ச்.

பதில் 4: யானைக்கல்

முகங்களைப் பற்றிய கேள்விக்கு யாரும் வரவில்லை. இந்த ஷோகேஸில் மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் பெரிய விஷயம். தெருவில் எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போடுவது வேறு, அந்தத் தெருவிலேயே ஒரு மாதம் மாட்டி வைப்பது வேறு. படத்தில் இருப்பவர் தினமும் தன் முகத்தைத் தாண்டிப் போக வேண்டும். அவர் மாமியார் பார்ப்பார், கடன் கொடுத்தவர் பார்ப்பார், கூடப் படிக்கிற பிள்ளைகள் பார்ப்பார்கள்.

சட்டத்தை முதலில் சொல்கிறேன். பொது இடத்தில் படம் எடுப்பதைப் பொதுவாகத் தடுக்கிற தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, யாரும் காசு கொடுத்து எடுக்கச் சொல்லாத படத்துக்கு எடுத்தவரே உரிமையாளர். ஆனால் 2017-ல், புட்டசாமி என்பவர் தொடுத்த வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டது. கோயில்களுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை விதிக்க 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. மீனாட்சியம்மன் கோயிலில் அதற்கு முன்பே தடை. கோயில் வாசலுக்கு வெளியே உள்ள வாழ்க்கையே ஒரு ஆயுளுக்குப் போதும். கடைக்காரரின் விளம்பரத்துக்குப் படத்தைக் கொடுப்பதானால் அதில் உள்ளவரின் எழுத்து மூலமான சம்மதம் வாங்குங்கள்.

சட்டம் அனுமதிப்பதெல்லாம் சந்தில் மாட்டத் தகுந்ததாகாது. என் வரையறை இது: எடுக்கும்போது கேட்காமல் எடுத்திருக்கலாம், அடையாளம் தெரிகிற முகம் பெரிதாக இருந்தால் மாட்டுவதற்கு முன் கேட்க வேண்டும். 4க்கு 6 பிரிண்ட் ஒன்று கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள், போனில் காட்டாதீர்கள். போனில் பார்க்கிறவர் ஒரு நொடி பார்த்துத் தலையாட்டுவார். காகிதத்தில் பார்க்கிறவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தலைமுடி, சேலை, பின்னால் தெரிகிற கடை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். அந்தப் பதில் நம்பகமானது. மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் அந்தப் பிரிண்டை அவரிடமே கொடுத்துவிடுங்கள். பெண்களின் படமென்றால் தனியாக, அவர்களிடமே கேளுங்கள். வீட்டு ஆணிடம் கேட்டு முடிக்காதீர்கள். குழந்தையென்றால் அம்மா அல்லது அப்பா. பிச்சை எடுக்கிற குழந்தை, வேலை செய்கிற குழந்தை, போதையில் விழுந்து கிடப்பவர், அழுகிறவர்: இவை வேண்டாம், எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும்.

முதுகு, கை, நிழல், தூரத்து உருவம், கூட்டம் இவற்றுக்குக் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் கண்ணாடியின் கீழ்மூலையில் ஒரு அறிவிப்பு இருக்கட்டும்: "இந்தப் படங்களில் நீங்கள் இருந்து, வேண்டாம் என்று தோன்றினால் சொல்லுங்கள், அன்றைக்கே எடுத்துவிடுவோம். வேண்டுமென்றால் ஒரு பிரதி உங்களுக்கு இலவசம்." கீழே இதற்கென்று தனி சிம் நம்பர். எடுக்கச் சொன்னால் காரணம் கேட்கக் கூடாது, அன்றைக்கே எடுக்க வேண்டும். அந்த இடத்தை நிரப்ப ஒரு 12க்கு 18 உபரிப் பிரிண்ட் எப்போதும் கையில் வைத்திருங்கள்.

மதுரைக்கென்று ஒரு விஷயம். நேராகப் பார்க்கிற ஒற்றை முகம், கறுப்பு வெள்ளை, கறுப்புப் பார்டர், கீழே பெயரும் தேதியும். இந்த ஊரில் இது கண்ணீர் அஞ்சலி போஸ்டர். உயிரோடு இருப்பவரின் படத்தை இப்படி மாட்டினால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒற்றை முகமென்றால் கலரில், வேலை செய்கிற கையோடு, வெள்ளைப் பார்டரில். பூக்கடைப் படமென்றாலும் மாலை முகத்துக்கு மேல் தொங்குகிற மாதிரி விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கேப்ஷனில் இடமும் மாதமும் மட்டும்: "விளக்குத்தூண், ஆடி 2025." தீர்ப்பு எழுதாதீர்கள். தூங்குகிறவரின் கீழே "களைப்பு" என்று எழுதினால் பாதிப் பேர் அதைக் குடி என்று படிப்பார்கள். எழுத்து 28 முதல் 32 பாயின்ட். அதற்குக் குறைந்தால் தமிழின் சுழிகள் அடைத்துக்கொண்டு மூன்றடிக்கு மேல் படிக்க முடியாது.

இனி நேரம். படம் தேர்ந்தெடுப்பதில்தான் நேரம் போகும், மாட்டுவதில் இல்லை. ஒரு சுலபச் சோதனை: போனை நேராகப் பிடித்துக் கிடைமட்டப் படத்தை அகலம் முழுக்க வைத்து, கையை நீட்டிப் பாருங்கள். 12க்கு 18 பிரிண்டை 12 அடி தள்ளி நின்று பார்ப்பதற்கு அது சமம். ஷோகேஸின் ஆழத்தையும் சேர்த்தால் அதுதான் உங்கள் எதிர்ச்சுவர் தூரம். அந்த அளவில் என்ன நடக்கிறதென்றே புரியாத படம் பைக்கில் போகிறவரை நிறுத்தாது. அதில் தேறினதை மட்டும் 4க்கு 6 போட்டு, மாதம் முப்பது வரை, வீட்டு மேஜையில் ஒரு வாரம் பரப்பி வையுங்கள். தினமும் சலித்துப்போனதை எடுத்துவிட்டுக் கடைசியில் மூன்று.

படுதா இறங்குகிற 1.40 முதல் 4.45 வரை ஷோகேஸ் வேலைக்கு உகந்த நேரம். வெளியே படம் எடுக்க அந்த வெயில் உதவாது, தெருவில் ஆளும் இல்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். மற்ற வாரங்களில் கண்ணாடி துடைப்பது மட்டும், அரைமணி. காலையும் மாலையும் கேமராவுக்கு. தெற்கு, வடக்கு மாசி வீதிகள் ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுவதால் காலை 6.30 முதல் 8 வரை தாழ்ந்த வெயில் தெரு நீளத்துக்கும் வரும். மார்ச், செப்டம்பரில் அது தெருவுக்கு நேராகவே நிற்கும். உங்கள் சந்து தெற்கு வடக்கு, அதனால் அங்கே 10 மணிக்கு மேல்தான் வெளிச்சம் கீழே இறங்கும். 28 மி.மீ. லென்ஸ் முழு ஃப்ரேம் கேமராவில் என்றால் லென்ஸ் திறப்பு எஃப் 8, ஃபோகஸை 3.3 மீட்டரில் பூட்டுங்கள். 1.65 மீட்டரிலிருந்து தெருவின் அந்தக் கோடி வரை தெளிவாக இருக்கும். ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓ ஆட்டோ, மேல்வரம்பு 3200. சந்து நிழலில் 1600 வரை ஏறும், 20க்கு 30-க்கு அது ஒன்றும் குறையில்லை.

தெற்குமாசிச்சந்து

அனைவருக்கும் நன்றி. சாக்பீஸ் சோதனை இன்றே செய்தாகிவிட்டது: அடிவிளிம்பில் நிழல் 3.40-க்கு வந்தது. எதிர்ச்சுவர்க்காரர் சாம்பல் நிறத்துக்குச் சம்மதம்; கறுப்பு வேண்டாம், வீட்டு வாசலுக்கு ஆகாது என்கிறார். வீட்டுக்காரர் கண்ணாடி மாற்றச் சம்மதிக்கவில்லை, ஃபிலிம்தான். இரண்டு சந்தேகம் மிச்சம். 25,000-ல் எதை முதலில் செய்வது? பிரதி வாங்க விரும்புகிறவருக்குக் க்யூஆர் கோடு வைக்கலாமா?

பதில் 5: ஃப்ரேம்பட்டறை

நிழல்அளவு சொன்ன வெளிர்சாம்பல்தான் சரி, கறுப்பை நான் திருத்திக்கொள்கிறேன். வரிசை இப்படி வையுங்கள்: சன்ஷேடும் படுதாவும், பிறகு ஃபிலிம், பிறகு ஜிஐ ஷீட், எர்த், ஆர்சிசிபி. இவை முடிந்த பிறகு லைட். முதல் மாதம் மூன்றும் 12க்கு 18 லேப் பிரிண்டே போதும், 20க்கு 30-ஐ இரண்டாம் மாதம் பார்க்கலாம். ஃபிலிம் ஒட்டுவதற்கு முன் கண்ணாடியின் உள்பக்கத்தில் பழைய டேப் பசை, பெயின்ட் துளி எல்லாம் பிளேடால் சுரண்டி எடுங்கள். ஒரு மணல் துகள் இருந்தாலும் அதைச் சுற்றிக் கால் இஞ்சுக்குக் குமிழ் நிற்கும். ஒட்டிய பிறகு ஒரு மாதம் உள்பக்கம் துடைக்க வேண்டாம், தண்ணீர் காய நேரம் வேண்டும். எதிர்ச்சுவருக்கு மேட் பெயின்ட் கேளுங்கள். எனாமல் அடித்தால் அதுவும் மின்னும்.

பதில் 6: நிழல்அளவு

க்யூஆர் வைக்கலாம். ஸ்கேன் செய்கிற தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். மூன்றடி தள்ளி நிற்பவருக்கு 4 இஞ்ச். பின்பலகையில் ஒட்டாதீர்கள், பிரதிபலிப்பில் போன் பிடிக்காது. கண்ணாடியின் உள்பக்கம், இடைவெளி இல்லாமல், ஒளி ஊடுருவாத ஸ்டிக்கராக ஒட்டுங்கள். ராத்திரி பின்னால் லைட் எரியும்போதும் படிக்கும். ரோட்டிலிருந்து 42 இஞ்ச் உயரத்தில், அறிவிப்புக்குப் பக்கத்தில். தனி சிம் நம்பரைப் பெரிய எழுத்தில் தனியாகவும் எழுதிவிடுங்கள், படத்தை எடுக்கச் சொல்ல வருகிற பாட்டியிடம் ஸ்மார்ட் போன் இருக்காது.